நகராத ஒரு போன்

என் அக்கா யாருக்குப் போன் செய்தாலும் முதலில் கேட்பது "எங்கே இருக்கே?" என்பதுதான். நலமா என்று கேட்கமாட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள். மற்றவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பதிலைக் காதில்கூட வாங்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அக்கா விடமாட்டாள். கடைத்தெருவில் இருக்கிறேன் என்றால் எந்தப் பக்கம் என்பாள். மாடியிலா கீழேயா என்பாள். ஒருமுறை நான் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து படுத்திருந்தபோது கூப்பிட்டு, "ஜன்னல் உனக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். எல்லாம் தொழில் புத்தி.

அவள் செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், காரில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி, எந்த டவரின் சிக்னல் எந்தத் தெருவில் எப்படி விழுகிறது என்று அளந்து வருவது. கார் ஓட்டுவது நான். கம்பெனி வாடகைக்கு ஒரு கார் தேடியபோது, "என் தம்பிகிட்ட ஒண்ணு இருக்கு, அவனும் சும்மாதான் இருக்கான்" என்று சொல்லி என்னை உள்ளே இழுத்துப் போட்டாள். சும்மா இருந்தது உண்மைதான். அதை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

காரின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகையில் நான்கு போன்கள் நிற்கும். அவை தாமாகவே யாரையோ கூப்பிடும், இரண்டு நிமிடம் கழித்துத் தாமாகவே துண்டித்துக்கொள்ளும். கார் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள, கூரையில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு கறுப்பு வட்டு. அக்காவின் மடியில் லேப்டாப். நாங்கள் போகப் போக அதிலிருக்கும் தெருப்படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளிகள் விழும். நான் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் வருகிறவன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டான், முந்தும்போது என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான். பதினோரு வருடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. பிறந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளாதவள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாமல், சாக்பீஸ் எடுத்து வா, பக்கத்து வகுப்பில் மணி பார்த்து வா என்று டீச்சர் நாள் முழுக்க வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பாராம். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவள் முகம் கலங்கித் தெரியும். படம் எடுக்கும் நேரத்தில் நகர்ந்துவிட்டாள். மாமா அவளுக்கு நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் கடை சாத்தத்தான் எழுந்திருப்பார். அக்கா தினமும் நாலு தடவை அவருக்குப் போன் செய்வாள்.

"எங்கே இருக்கீங்க?"

"கடையிலதான். வேற எங்க போவேன்?"

நாலு தடவையும் அதே பதில், அதே பொறுமை. நானாக இருந்தால் இரண்டாம் தடவையே போனைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நான் சொல்ல வந்தது போன வருடம் நடந்ததை. அது விளங்க வேண்டுமானால் டவரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு டவருக்குப் பொதுவாக மூன்று முகம். ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாம் பேசும்போது எந்த முகத்தின் வழியாகப் பேசினோம் என்று கம்பெனியின் கணினியில் பதிவாகிவிடும். வீட்டுக் கதவு எண்ணையெல்லாம் அது சொல்லாது. இந்த டவர், இந்தத் திசை, ஏறக்குறைய இவ்வளவு தூரம், அவ்வளவுதான். போலீஸ் கடிதம் கொடுத்துக் கேட்டால் ரெக்கார்டு ரூமில் இந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு டவர். அதற்கு வடக்கே ஒரு கிலோமீட்டரில் கோடவுன்கள், தெற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் ஆறும் பம்ப் ஹவுஸும், மேற்கே வீடுகள். அந்தச் சாலையில் வண்டியில் போகும்போது பேச்சு அறுந்து போகிறது என்று புகார்மேல் புகார். பார்த்து வரப் போனோம்.

டவரின் கம்பிக் கதவருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை. நான் காரைத் திருப்புவதற்குள் அந்தப் பெண் அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"நீங்க கம்பெனி ஆளா?"

"ஆமாம்மா. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வண்டி திரும்பணும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த டவர் பொய் சொல்லுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். "மனுஷங்கதாம்மா பொய் சொல்லுவாங்க. டவர் சொல்லாது."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்று அந்தப் பெண் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டாள். அவள் தினமும் வந்து, டவருக்கு டீசல் ஊற்ற வருகிறவன், காவல்காரன் என்று யாரைப் பார்த்தாலும் இதையே கேட்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

டவரைச் சுற்றி வட்டமடித்தோம். கோடவுன் பக்கம் போனதும் அக்கா "நிறுத்து" என்றாள். பலகையில் இருந்த நான்கு போன்களும் ஒன்றாம் முகத்தைப் பிடித்திருந்தன. கம்பெனிப் படத்தில் கோடவுன் பக்கம் இரண்டாம் முகம் என்று போட்டிருந்தது. ஆற்றுப் பக்கம் போனோம். படத்தில் ஒன்று, போன்களில் இரண்டு.

"இன்னொரு தடவை சுத்து."

மூன்று தடவை சுற்றினோம். அப்படியே தலைகீழ்.

மேலே ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்கள் இடம் மாறியிருந்தால் இப்படி ஆகும். எங்களுக்கு இது புதிதல்ல. ஒன்று அகப்பட்டால் அக்கா சந்தோஷத்தில் சீட்டியடிப்பாள். அன்று அடிக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"இந்த டவரை நான் ஏற்கெனவே சரி பண்ணியிருக்கேன்டா. ஆறு வருஷம் முன்னாடி."

"அப்ப ஏன் இப்படி இருக்கு?"

"அந்தம்மா எதுக்கு அப்படிக் கேட்டாங்க? வண்டியைத் திருப்பு."

அந்தப் பெண்ணின் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மூன்று வாரத்துக்கு முன், மத்தியானம் மூன்று மணிக்கு, அட்டைப்பெட்டிக் கோடவுன் ஒன்று தீப்பிடித்து எரிந்துவிட்டது. அணைக்கப்போன காவலாளிக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு லாரியைப் பாதையில் நிறுத்தியதற்காகக் கோடவுன்காரருக்கும் இவருக்கும் வாய்ச்சண்டை. "ஒரு நாள் இந்தக் கோடவுனைக் கொளுத்தறேனா இல்லையா பாரு" என்று இருபது பேர் முன்னால் கத்தியிருக்கிறார். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். தீப்பிடித்த அன்றே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தீப்பிடித்த நேரத்தில் தான் ஆற்றங்கரை பம்ப் ஹவுஸில் லாரிக்குத் தண்ணீர் பிடித்ததாகச் சொல்கிறார். அங்கே ஆள் கிடையாது. மோட்டாரோடு ஒரு சிம் கார்டு பெட்டி இருக்கிறது, அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மூன்று ஐந்துக்கு இவர் கொடுத்திருக்கிறார், பட்டியலிலும் இருக்கிறது.

"மிஸ்டு கால் எங்க இருந்து வேணும்னாலும் குடுக்கலாமேன்னு கேக்கறாங்க" என்றாள் அந்தப் பெண். "அந்தக் கால் கோடவுன் பக்கத்துல இருந்துதான் போயிருக்காம். டவர் சொல்லுதாம். போன தடவை ஜாமீன் கேட்டப்பவும் அந்தப் பேப்பரைக் காட்டித்தான் தள்ளிட்டாங்க. திங்கட்கிழமை மூணு மணிக்கு மறுபடியும் கேக்கப்போறோம்."

அக்கா அவளிடம் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுத்தபோது விஷயம் முழுசாக வெளியே வந்தது. டவரை நட்டபோதே கேபிள்களை மாற்றிச் செருகிவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் அக்கா அதைக் கண்டுபிடித்து, மேலே ஏறிச் சரி செய்யச் சொல்லிச் சீட்டு எழுதினாள். அப்போது மழைக்காலம், ஏறுவதற்கு ஆள் இல்லை. எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஆகட்டும் சார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அவர், "எதுக்கு ஆளை ஏத்தணும்? படத்துல எண்ணை மாத்திடு, எல்லாம் ஒண்ணுதான்" என்றிருக்கிறார். அக்கா கணினியில் ஒன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினாள். படமும் டவரும் ஒத்துப்போயின. எழுதிய சீட்டை மட்டும் ரத்து செய்ய மறந்துவிட்டாள். அடுத்த டவருக்கு ஓட வேண்டிய அவசரம்.

நாலு மாதம் கழித்து மழை விட்டதும், தேங்கிக் கிடந்த சீட்டுகளை ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு டவர் ஏறுகிற ஒருவர் கிளம்பினார். இதையும் ஏறிச் சரி செய்து, "முடிந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

புரியாதவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். சமையலறையில் உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதியிருக்கிறது, சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதியிருக்கிறது. ஒருத்தி காகிதத்தை மாற்றி ஒட்டுகிறாள். அது தெரியாமல் இன்னொருவர் வந்து உள்ளே இருப்பதை மாற்றிக் கொட்டுகிறார். இரண்டு பேரும் நல்லதுதான் செய்தார்கள். டீ உப்புக் கரிக்கிறது.

அக்கா கோப்பை எடுத்துக்கொண்டு நேராக ஆகட்டும் சாரின் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"சார், படத்தை மாத்தினது நான். சீட்டை அப்படியே விட்டதும் நான். இப்ப ஒரு மனுஷன் ஜெயில்ல இருக்கார்."

அவர் கோப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்குத் தேதி போட்டு சரியா மாத்திடு. முடிஞ்சுபோச்சு."

"இனிமே வர்ற பட்டியல் சரியா வரும் சார். போன பட்டியல்?"

"அது போலீஸ் வேலை. நமக்கு எதுக்கு?"

"நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லப்போறேன். நீங்க ஆகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் "ஆகாது" என்றார்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் நானும் என் பங்குக்கு ஆரம்பித்தேன். மறைக்க மாட்டேன், எனக்குப் பயம். "அக்கா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. உனக்கு வேலை போனா என் வண்டியும் நின்னுடும்."

"இது வேலியில போற ஓணான் இல்லடா. நான் வளர்த்த ஓணான்."

"சரி, போய்ச் சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? இன்னிக்கு மாறியிருக்குன்னா, தீப்பிடிச்ச அன்னிக்கும் மாறியிருந்ததுன்னு எப்படிச் சொல்றேன்னு கேப்பாங்க. நேத்துகூட யாராவது மேல ஏறி மாத்தியிருக்கலாமே?"

அவள் கார்க் கதவைத் திறந்தாள், உட்காராமலே மறுபடி சாத்தினாள். நான் அவளை மடக்குவதற்காகச் சொன்னது, ஆனால் அதில் நியாயம் இருந்தது. சீட்டில் "முடிந்தது" என்று எழுதியிருப்பது போதாது. ஏறாமலே முடிந்தது என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் எங்கள் தொழிலில் எத்தனையோ பேர். அந்த ஆளும் வேலையை விட்டு எங்கேயோ போய்விட்டார்.

சனிக்கிழமை காலை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு. மேஜைமேல் ஆடை கட்டிப்போன டீ. என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. நடந்துகொண்டே வழக்கம்போல் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கே இருக்கீங்க?"

"கடையிலதான். வேற எங்க போவேன்?"

நின்றுவிட்டாள். "நேத்து?"

"நேத்தும் கடைதான்."

"போன மாசம்? போன வருஷம்?"

"உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று மாமா கேட்டது எனக்கே கேட்டது.

அக்கா போனை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நகராத போன் ஒண்ணு வேணும்டா. ஆத்துப் பக்கம். மாமா மாதிரி. தீப்பிடிச்ச அன்னிக்கும் அதுக்கு முன்னாடி ஏழெட்டு வருஷமும் அதே இடத்துல இருந்திருக்கணும்."

"அங்கே மனுஷனே கிடையாது. இருக்கறது அந்த மோட்டார் ஒண்ணுதான்" என்றேன் சலிப்போடு. சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பம்ப் ஹவுஸின் தகரக் கதவில் மோட்டாரின் போன் நம்பரைச் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, நாலு போல்ட்டு போட்டு இறுக்கியது. போல்ட்டுகளின்மேல் துருவேறி, எது போல்ட்டு எது பெட்டி என்று தெரியவில்லை. பெட்டியில் பொருத்திய தேதி எழுதியிருந்தது, ஏழு வருடத்துக்கு முந்தியது. அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. நகராத ஒன்றைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஆபீஸ் கணினியில இந்த நம்பர் எந்த முகத்தைப் பிடிச்சிருக்குன்னு இப்பவே பார்த்துடேன்" என்றேன்.

"அடுத்தவங்க நம்பரைத் தேடினா வேலை போயிடும்."

"எப்படியும் போகப்போற வேலைதானே."

"திருட்டுத்தனமா எடுத்தா கோர்ட்ல அதையும் தள்ளிடுவாங்கடா. போலீஸ் கடிதம் போட்டு முறையா வரணும்."

அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தெரியாமலே கிடந்தோம். ஒருவேளை அந்தப் பெட்டி வேறு டவரைப் பிடித்திருந்தால்? ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு டவர் இருக்கிறது. அக்கா இதை என்னிடம் போனில் ஒன்பது தடவை கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இருந்தோம். அக்கா நடந்ததை நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் படித்தார், நெற்றியைத் தேய்த்தார், மறுபடி படித்தார்.

"மோட்டாருக்கு எதுக்கும்மா டவர் பட்டியல்? அதையும் உள்ள போடணுமா?"

"கேட்டு வாங்குங்க சார். ஏழு வருஷத்துக்கும். மூணு மணிக்கு முன்னாடி வேணும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் கடிதம் அனுப்பினார். அனுப்பினாரே, அதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்து போனால் பதில் வரும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்று பயம். வலது கால் மட்டும் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. பத்தரைக்கு லாரிக்காரரின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. டவர் பொய் சொல்லியிருக்கு. சொல்ல வெச்சது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியோடு இரண்டு பேரும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தார்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் தெருவுக்குப் போய்க் காரைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த காரைத்தான் துடைத்தேன்.

ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது. கீழே ஆகட்டும் சாரின் கையெழுத்து. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போட்டு அனுப்பியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன்.

"என்னம்மா இது? தீப்பிடிச்ச நேரத்துல மோட்டாரும் கோடவுன் பக்கம் இருந்ததா போட்டிருக்கு?"

"அன்னிக்கு மட்டும் இல்ல சார். பின்னாடி புரட்டிப் பாருங்க."

அவர் புரட்டினார். ஐந்தரை வருடமாக மோட்டார் கோடவுன் பக்கமே இருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆற்றங்கரையில் இருந்தது. ஒரே நாளில், காலையில் ஒன்றாம் முகம், மாலையில் இரண்டாம் முகம். சீட்டில் "முடிந்தது" என்று எழுதியிருந்த அதே நாள்.

"நாலு போல்ட்டு போட்டு செவுத்துல இறுக்கின பெட்டி சார்" என்றாள் அக்கா. "நடந்தா போயிருக்கும்? மூணு அஞ்சுக்கு அவர் கூப்பிட்டது ரெண்டாம் முகம். மோட்டார் வாங்கினதும் ரெண்டாம் முகம். மோட்டார் ஆத்தங்கரையில இருந்ததுன்னா அவர் போனும் அங்கதான் இருந்தது."

இன்ஸ்பெக்டர் சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பட்டியலை அக்கா எழுதிய நாலு பக்கத்தோடு சேர்த்துக் குத்தினார். "இதுல உங்க பேர் வரும்."

"வரட்டும் சார்."

மூன்று மணிக்கு ஜாமீன் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து வழக்கிலிருந்தே லாரிக்காரர் பெயரை எடுத்துவிட்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் ஜாமீனில் வெளியே வந்த மறுநாள் அக்கா பார்க்கப் போனாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்டால்தானே. அவர் வீட்டு வாசலில் நின்ற லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு மெதுவாக வந்தது. இருபது பேர் முன்னால் கத்தியவர் இவர்தானா என்று இருந்தது.

"நீங்களா வந்து சொன்னீங்களாமே."

"ஆமாங்க."

"மாத்தி வெச்சதும் நீங்கதானாமே."

"ஆமாங்க."

"இருபத்து நாலு நாள்" என்றார். "ஆத்தங்கரையில இருந்தேன், ஆத்தங்கரையில இருந்தேன்னு எத்தனை பேர்கிட்ட சொன்னேன்னு கணக்கே இல்ல. எல்லாரும் அந்தப் பேப்பரையே காட்டினாங்க. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை கோடவுன் பக்கம்தான் இருந்தேனோன்னு. உங்களைக் கும்பிடறதா திட்டறதான்னு தெரியலைங்க."

"திட்டுங்க" என்றாள் அக்கா.

அவர் திட்டவில்லை. டயரை இன்னொரு தடவை தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது அக்கா காரில் அழுதாள். அப்பா செத்தபோதுகூட நடந்துகொண்டே அழுதவள், அன்று அசையாமல் அழுதாள்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். வேலை போகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், அவள் முகத்தைப் பார்க்கும்வரை. ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு நாற்காலி, ஒன்பதிலிருந்து ஆறு வரை. வெளியே போக அனுமதி இல்லை. தூக்கில் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆனால் அந்த நாற்காலியிலும் அவள் சும்மா இல்லை. போலீஸ் கடிதம் வந்தால் பட்டியலை உடனே அச்சடித்துக் கொடுப்பதில்லை. முதலில் அந்த டவரின் பக்கத்தில் நகராத ஒன்றைத் தேடுகிறாள். ஒரு மோட்டார், ஒரு கடையில் கார்டு தேய்க்கும் மெஷின், ஏதாவது ஒன்று. அந்த நம்பரின் பதிவையும் சேர்த்துப் பார்க்க உத்தரவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள், கையெழுத்து ஆகட்டும் சாருடையது. நகராததும் படமும் ஒத்துப்போனால்தான் இவள் கையெழுத்துப் போடுவாள். ஒத்துப்போகாததாக இதுவரை ஏழு டவர்கள் அகப்பட்டிருக்கின்றன.

சில மாதம் கழித்து லாரிக்காரரின் மனைவி அக்காவுக்குப் போன் செய்தாளாம். வேறு ஏதோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாளாம்: "இப்பல்லாம் அவருக்குப் போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டா பேசவே மாட்டேங்கறாரு. அப்படியே கட் பண்ணிடறாரு. நானும் கேக்கறதை விட்டுட்டேன்."

அக்காவும் விட்டுவிட்டாள். மாமாதான் முதலில் கவனித்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே போன் செய்து, "கடையிலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாராம்.

இப்போது என் காரில் லேப்டாப்போடு வேறு ஆள் வருகிறார். அமைதியான மனிதர், தூங்கிவிடுவார். தினமும் பதினோரு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும். "நான்தான்டா" என்பாள். பிறகு கொஞ்சம் இடைவெளி. அந்தக் கேள்வி வந்து நிற்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். பிறகு "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பதினோரு மணிக்கு எவன் சாப்பிடுவான்?

"டவருக்குத் தெற்கே, பம்ப் ஹவுஸ் தாண்டி, இடது ஓரமா நிக்கறேன்க்கா" என்று அன்றன்றைக்கு நிற்கும் இடத்தை நானே சொல்லிவிடுவேன். "ம்" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள்.